மாற்று மருத்துவம் பற்றி நூலகத்தில் தேடுவது: எந்தப் பெயரில் தேடுவீர்கள்?

கேள்வி, பிப்ரவரி 3

அம்மாவுக்கு மூட்டுவலி. யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாதமாக மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்குத் தனியாக மருந்து உண்டு. இணையத்தில் பார்த்தால் பாதிப் பேர் அமிர்தம் என்கிறார்கள், மீதிப் பேர் ஏமாற்று என்கிறார்கள். நண்பர் ஒருவர் "நூலகத்தில் போய்ப் பார்" என்றார். இந்த மாதிரி வைத்தியத்துக்கெல்லாம் ஆய்வே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே போய் எதைத் தேடுவது?

பிப்ரவரி 3, இரவு 9.50

ஆய்வே கிடையாது என்பது தப்பு. படித்து மாளாத அளவுக்கு இருக்கிறது, தொல்லையே அதுதான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கு மேல் கட்டுரைப் பதிவுகள் உண்டு. இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். குர்குமின் என்று போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். அதில் பெரும்பகுதி கண்ணாடிக் குடுவையில் செல்களை வைத்துச் செய்தது, இல்லையென்றால் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. உங்கள் அம்மா இரண்டிலும் சேரமாட்டார். அதனால் பக்கத்திலேயே இருக்கும் வடிகட்டிகளில் மனிதர்களிடம் நடந்த சோதனைகளையும், பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகளையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கும்.

அப்படியானால் நூலகம் எதற்கு? பப்மெட் பல கட்டுரைகளுக்குச் சுருக்கத்தை மட்டும்தான் காட்டும். முழுக் கட்டுரைக்கு வெளியீட்டாளர் பணம் கேட்பார். நூலகம் அதற்குச் சந்தா கட்டியிருக்கலாம், இல்லாவிட்டால் வேறொரு நூலகத்திலிருந்து தருவித்துத் தரும். அப்புறம் அங்கே ஓர் ஆள் இருப்பார். அந்த ஆள்தான் முக்கியம். அவரைப் பற்றிப் பிறகு.

பிப்ரவரி 4

தேடும் சொல்லைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை அப்படியே ஒலிபெயர்த்துத் தட்டினால் ஏறக்குறைய ஒன்றும் வராது. பில்லாந்தஸ் நிரூரி என்ற தாவரவியல் பெயரில் தேடினால் கதவு திறக்கும். மூலிகை எதுவானாலும் முதலில் அதன் லத்தீன் பெயரைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மெஷ். மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரித்துவரும் பொருள்தலைப்புப் பட்டியல் இது. கட்டுரையை எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும் சரி, நூலகத்தார் அதற்குப் பொதுவான ஒரு தலைப்பை ஒட்டுவார்கள். நம் விஷயத்துக்குக் 'காம்ப்ளிமென்டரி தெரபீஸ்' என்ற பெரிய கிளை. அக்குபங்சர், ஹோமியோபதி, நேச்சுரோபதி எல்லாம் அதற்குக் கீழே கிளைகள். மூலிகைச் சிகிச்சைக்கு 'ஃபைட்டோதெரபி'. இந்தச் சொல் தெரியாமல் நான் எத்தனையோ மாதம் 'ஹெர்பல்' என்றே தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இன்று காலை வந்த கட்டுரைக்குத் தலைப்பு ஒட்டியிருக்க மாட்டார்கள். அதனால் மெஷ் தலைப்பிலும் தேடுங்கள், சாதாரணச் சொல்லிலும் தேடுங்கள்.

காலத்துக்குத் தகுந்தபடி பெயர் மாறுவதும் ஒரு சிக்கல். அமெரிக்க அரசு 1990-களின் தொடக்கத்தில் இதற்கென்று ஒரு சின்ன அலுவலகம் திறந்தபோது அதன் பெயர் 'மாற்று மருத்துவ அலுவலகம்'. 1998-ல் அது தேசிய மையமாக வளர்ந்தபோது 'நிரப்பு மருத்துவமும் மாற்று மருத்துவமும்' என்று ஆனது. 2014 டிசம்பரில் 'நிரப்பு, ஒருங்கிணைந்த உடல்நலம்' என்று மாற்றினார்கள். 'மாற்று' காணாமல் போய்விட்டது. பழைய கட்டுரை வேண்டுமானால் பழைய சொல்லையும் போட வேண்டும்.

பிப்ரவரி 4, இன்னொன்று

அலமாரி எண் கேட்டவருக்கு: பொருளுக்கு ஓர் எண் கொடுக்கும் டூயி முறையில் அடுக்கும் நூலகமானால் 615-க்குப் போங்கள். மூலிகை 615.321, ஹோமியோபதி 615.532, ஆயுர்வேதம் 615.538, அக்குபங்சர் 615.892. யோகா மட்டும் கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி 613.7046-ல் தனியாக உட்கார்ந்திருக்கும்.

பிப்ரவரி 5

அலமாரி எண்ணைக் கொடுத்ததோடு விட்டது சரியில்லை. அந்த எண் புத்தகம் எதைப் பற்றியது என்றுதான் சொல்லும், நம்பலாமா என்று சொல்லாது. 40 வருடம் ஒரே செடியை ஆராய்ந்தவர் எழுதிய புத்தகமும், ஒரே வாரத்தில் சர்க்கரை நோயை ஒழிப்பதாகச் சொல்லும் புத்தகமும் தோளோடு தோள் நிற்கும். நூலகத்தில் இருக்கிறதே, சரிபார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். வாசகர் கேட்டால் வாங்குவார்கள், அவ்வளவுதான்.

நான் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறப்பேன். மேற்கோள் பட்டியல் இருக்கிறதா, இருந்தால் ஆசிரியர் தன்னையே எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார், கடைசி வருடம் எது. பக்கவிளைவுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்கிறாரா. ஒன்றுமே கெடுதல் செய்யாத மருந்து என்று எழுதியிருந்தால் மூடிவிடலாம். உடம்பில் ஒரு வேலை செய்கிற பொருள் இன்னொரு வேலையும் செய்யும்.

ஒரு தடவை அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 'பொய்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறு கையெழுத்து: 'உனக்கு மருந்து கேட்கவில்லை என்றால் பொய்யா?' அதற்கும் கீழே மூன்றாவது கை: 'நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்கள்'. அதுவும் பேனாவால்.

பிப்ரவரி 6

ஒரே கட்டுரையை வைத்து முடிவெடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். நான் எடுத்தேன். கேளுங்கள்.

முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. சித்தப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டது என்று பரிசோதனையில் தெரிந்தது. நான் அப்போது கல்லூரி மாணவன், நூலகம் கைவசம். அன்று பப்மெட் கிடையாது. இன்டெக்ஸ் மெடிக்கஸ் என்று மாதாமாதம் வரும் அச்சுப் பட்டியல், வருடக் கடைசியில் தடித்தடியான தொகுதிகளாகச் சேரும். 1879-ல் தொடங்கி 2004 வரை அச்சில் வந்தது. காகிதம் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு, எழுத்து எறும்பு சைஸ். விரலை வைத்துக்கொண்டே போனால்தான் வரி தப்பாது.

1988-ம் வருடத் தொகுதியில் சிக்கியது. லான்செட் மருத்துவ இதழ். கிருமி தங்கியவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்திருக்கிறார்கள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஆசிரியர்களில் ஒருவர் புளூம்பெர்க். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் வாங்கியவரே அவர்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓடிப்போய் ஜெராக்ஸ் எடுத்தேன். சித்தப்பா அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். 59 சதவீதம் என்ற இடத்தில் சிவப்புக் கோடு. ஒரு வருடம் அவர் மருத்துவரிடம் போகவே இல்லை.

நான் செய்த தப்பு என்ன தெரியுமா? 1988 தொகுதிக்குப் பக்கத்தில் 1989 இருந்தது, அதற்குப் பக்கத்தில் 1990 இருந்தது. தேடியது கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிட்டேன்.

பிறகு வேறொரு வேலையாகப் போனபோது பார்வை நூல் பகுதியில் இருந்த நூலகர் அம்மாவிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்தக் கட்டுரையைப் பிறகு யார் யார் எடுத்துப் பேசினார்கள் என்று பார்த்தீர்களா?" எனக்குக் கேள்வியே புரியவில்லை. எழுந்து போய் மேற்கோள் அட்டவணைத் தொகுதிகளை எடுத்து வந்தார். ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த எந்தெந்தக் கட்டுரைகள் சுட்டியிருக்கின்றன என்று காட்டுவது அது. பத்து நிமிடம் ஆகியிருக்காது. அதே லான்செட், 1990, தாய்லாந்திலிருந்து ஒரு சோதனை. தலைப்பின் முதல் சொல்லே 'தோல்வி'. அதே செடி, கிருமி போகவில்லை.

இன்றைக்கு இதற்குத் தொகுதி புரட்ட வேண்டாம். பப்மெட்டில் கட்டுரைக்குக் கீழே 'இதை மேற்கோள் காட்டியவை' என்று வரும், கூகுள் ஸ்காலரிலும் உண்டு. அதை அழுத்தாமல் எந்தக் கட்டுரையையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பிப்ரவரி 6, நள்ளிரவு

விட்டுப்போனது. 2011-ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு இந்தச் செடி வகைகளைப் பற்றிய 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டால் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு இது பலன் தரும் என்று நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்தார்கள். காக்ரேன் நூலகத்தில் தொகுப்பாய்வு ஒவ்வொன்றுக்கும் எளிய நடையில் ஒரு சுருக்கம் உண்டு, முதலில் அதைப் படித்துவிட்டு உள்ளே போகலாம். நான் தேடலை ஆரம்பிப்பதே இப்போது அங்கேதான்.

பிப்ரவரி 7

நானே மாட்டிக்கொண்டேன். நான்காம் தேதி கீழாநெல்லிக்குப் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதினேன். 1988 கட்டுரையில் உள்ளது பில்லாந்தஸ் அமாரஸ். பழைய புத்தகங்களில் இரண்டையும் நிரூரி என்றே எழுதிவிடுவார்கள், நானும் அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். தென் அமெரிக்காவில் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுக்கும் 'கல் உடைப்பான்' நிரூரி. பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை. ஒன்றைப் பற்றிய ஆய்வை இன்னொன்றின் கணக்கில் எழுத முடியாது. சந்தேகமிருந்தால் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள், ஆனால் கிடைத்ததைப் படிக்கும்போது எது எந்தச் செடி என்று குறித்துக்கொண்டே போங்கள்.

இந்த இழையில் நான் ஒரு விஷயம் சொல்ல வருகிறேன் என்றால் அது இதுதான், பெயர். நினைவாற்றலுக்குப் பிரம்மி நல்லதா என்று ஒருவர் கேட்டிருந்தார். எந்தப் பிரம்மி? நாம் நீர்ப்பிரம்மி என்று சொல்வது பகோபா மொன்னியேரி. வல்லாரை சென்டெல்லா ஏசியாடிகா. இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனால் வல்லாரையையும் பிரம்மி என்று அழைக்கும் வழக்கம் உண்டு, இரண்டையும் மூளைக்கு நல்லது என்றே சொல்வார்கள். புட்டியின் முன்பக்கப் பெயரை நம்பித் தேடினால் பகோபாவின் ஆய்வைப் படித்துவிட்டு வல்லாரையை விழுங்கிக்கொண்டிருப்பீர்கள். நினைவாற்றல் கூடிய பிறகாவது கண்டுபிடித்தால் சரி.

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் பெல்ஜியத்தில் இது சிரிப்பாக முடியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பிரசல்ஸில் உடல் இளைக்கும் சிகிச்சைக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். சேர்க்க வேண்டியது ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா. சீன மொழியில் அதன் பெயரில் 'பாங் ஜி' என்று வரும். அரிஸ்டலோகியா பாங்ச்சி என்ற வேறு செடியின் பெயரிலும் 'பாங் ஜி' வரும். இரண்டாவது செடி உள்ளே போய்விட்டது. அதில் இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அரிக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதித்தது. வரிசையாக இளம்பெண்களுக்கு ஒரே மாதிரி சிறுநீரகம் கெடுவதைக் கவனித்த மருத்துவர்கள் 1993-ல் லான்செட்டில் எழுதினார்கள். மூலமே ஒரு பெயர்க் குழப்பம்.

பிப்ரவரி 9

நூலகரிடமே ஆலோசனை கேட்கலாமா என்று கேட்டவருக்கு: இல்லை, நூலகர் மருத்துவர் அல்ல. அவரிடம் "சாப்பிடலாமா?" என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது.

பிப்ரவரி 12

அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றேன் அல்லவா.

நல்ல பார்வை நூல் நூலகரிடம் போனால் அவர் உடனே விசைப்பலகையைத் தொடமாட்டார். முதலில் கேள்வி கேட்பார். நான் ஒரு தடவை "செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பற்றி இருப்பதெல்லாம் வேண்டும்" என்றேன். மனச்சோர்வுக்குச் சாப்பிடும் மூலிகை அது. அவர் கேட்டார்: "அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமா, கெடுதல் செய்யுமா என்று பார்க்க வேண்டுமா, இல்லை வேறு மருந்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்றா? மூன்றும் வேறு வேறு தேடல்." எனக்கு வேண்டியிருந்தது மூன்றாவது. அதை எனக்கே அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் தேடலில் வந்தவை 2000-ம் வருடத்து லான்செட் கட்டுரைகள். ஒன்றில் எச்ஐவி மருந்தான இன்டினாவிர் ரத்தத்தில் பாதிக்கும் கீழே போயிருந்தது. இன்னொன்றில் இதயமாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இருவருக்கு உடல் புது இதயத்தை நிராகரிக்க ஆரம்பித்தது, ஏனென்றால் அவர்களுக்குக் கொடுத்துவந்த சைக்ளோஸ்போரின் அளவு இறங்கிவிட்டது. இந்த மூலிகை கல்லீரல் நொதி ஒன்றை முடுக்கிவிடுகிறது, மற்ற மருந்துகளை உடம்பு வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடுகிறது. 'மனச்சோர்வுக்கு நல்லதா' என்று மட்டும் தேடியிருந்தால் இதெல்லாம் கண்ணில் பட்டே இருக்காது.

இப்போது கேள்வி கேட்டவருக்கு. அம்மாவின் மாத்திரைப் புட்டியையே நூலகத்துக்கு எடுத்துப் போங்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் வேண்டும். அதில் மிளகுச் சாறு, பைப்பரின் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். குர்குமின் தனியாகப் போனால் குடல் வழியாக ரத்தத்தில் ஏறுவது ரொம்பக் குறைவு. 1998-ல் வந்த ஒரு சோதனையில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது அது 2000 சதவீதம் கூடியது. விற்கிறவர்கள் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதே காரியம் மற்ற மருந்துகளுக்கும் நடக்கலாம் என்று யோசிக்க வைக்கும் எண்ணும் அதுதான்.

அப்புறம் லிவர்டாக்ஸ் என்று ஒரு தளம், அமெரிக்க அரசுடையது, இலவசம். எந்த மருந்து, எந்த மூலிகை கல்லீரலை எப்படிப் பாதித்திருக்கிறது என்று தனித்தனிப் பக்கம். மஞ்சளுக்கும் உண்டு. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்ததாக உறுதிசெய்யப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று எழுதியிருக்கிறது. அதில் ஒருவர் இறந்துபோனார். அந்தப் 10 பேரில் 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது.

பிப்ரவரி 13

நேற்று எழுதியதைக் காலையில் படித்தால் பயமுறுத்துவது போல இருக்கிறது. 10 என்பது பின்னத்தில் மேலே உள்ள எண் மட்டும். எத்தனை பேர் சாப்பிட்டதில் 10 என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. அப்படிப்பட்ட கட்டுரையின் வேலையும் அது இல்லை, 'இப்படி ஒன்று நடக்கிறது, கவனியுங்கள்' என்பதுதான். என் சித்தப்பா 59 சதவீதத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டார், நான் பத்துக்குக் கீழே போடுகிறேன். குடும்ப வியாதி.

மூட்டுவலிக்குப் பலன் உண்டா என்ற பக்கத்தையும் பாருங்கள். முழங்கால் தேய்மானத்துக்குக் குர்குமின் கொடுத்த சோதனைகள் இருக்கின்றன. பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களில் முடிந்தவை.

பிப்ரவரி 17

பப்மெட்டில் இருந்தால் தரமானது என்று அர்த்தமா என்ற கேள்விக்கு, எங்கேயோ 'ஆமாம்' என்று பதில் சொல்லியிருந்தேன். திருத்திக்கொள்கிறேன். மெட்லைன் என்பது குழு கூடி இதழ்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பட்டியல். பப்மெட் அதைவிடப் பெரிய பை. மெட்லைனும் அதில் இருக்கிறது, வேறு வழிகளில் வந்து சேரும் கட்டுரைகளும் இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் இதழின் கட்டுரைகூட நிதி கொடுத்த நிறுவனத்தின் விதி காரணமாக உள்ளே வந்துவிடலாம். இதழின் பெயரை மருத்துவ நூலகத்தின் அட்டவணையில் போட்டால் 'மெட்லைனில் இப்போது சேர்க்கப்படுகிறது' என்று இருக்கிறதா இல்லையா தெரியும். இதை எனக்குச் சொன்னவரும் ஒரு நூலகர்தான்.

நல்ல இதழானாலும் ஒரு கண் வேண்டும். 1998-ல் ஒரு ஆய்வு, அக்குபங்சர் சோதனைகளை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தது. சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து வந்தவை அத்தனையும் பலன் உண்டு என்றே சொல்லின. ஒன்றுகூடத் தவறவில்லை. எந்த மருந்துக்கும் அப்படி நடக்காது. தோற்ற சோதனைகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டன என்றுதான் தோன்றும். அதனால் சோதனைப் பதிவேடுகளையும் பாருங்கள். தொடங்கும்போதே பதிவு செய்துவிட்டுப் பிறகு முடிவு வெளியிடாதவை அங்கே மாட்டும்.

பெரிய கருவி, பெரிய பணம் இருந்தால்தான் சோதனை என்று நினைப்பவர்களுக்கு: எமிலி ரோசா என்ற சிறுமி. உடம்பைத் தொடாமல் கையை மேலே அசைத்தே நோயாளியின் ஆற்றல் புலத்தை உணர்வதாகச் சொல்லும் சிகிச்சையாளர்கள் 21 பேர். நடுவில் அட்டைத் தடுப்பு, அதில் இரண்டு ஓட்டை. அவர்கள் இரண்டு கையையும் உள்ளே நீட்ட வேண்டும், அந்தப் பெண் ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 280 தடவையில் 123 சரி, 44 சதவீதம். காசைச் சுண்டியிருந்தால் 140 வந்திருக்கும். பள்ளி அறிவியல் செயல்திட்டமாக அவள் இதைத் தொடங்கியபோது வயது 9. ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 1998-ல் வெளிவந்தபோது 11.

பிப்ரவரி 23

நான் பாரம்பரிய மருத்துவத்துக்கு எதிரி என்று ஒரு புகார். இல்லை. ஒரு நூலகக் கதை சொல்கிறேன்.

1967 மே 23 அன்று சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் தொடங்கியது. தேதியை வைத்தே 523 என்று பெயர். 1969-ல் தூ யூயூ என்ற ஆராய்ச்சியாளர் அதில் சேர்க்கப்பட்டார். அவர் ஆய்வகத்துக்குள் போவதற்கு முன்னால் பழைய ஏடுகளைப் படித்தார், வயதான வைத்தியர்களைச் சந்தித்தார். 2000 மருந்துக் குறிப்புகள் சேர்ந்தன, அதிலிருந்து 640-ஐ ஒரு தொகுப்பாக எழுதினார். அதில் சிங்ஹாவ் என்ற செடி. எலிகளிடம் ஒரு தடவை நன்றாக வேலை செய்தது, அடுத்த தடவை செய்யவில்லை. வேறு யாராவது என்றால் அடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போயிருப்பார்கள். அவர் திரும்ப ஏட்டுக்குப் போனார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிவைத்தது: ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவை, பிழி, சாறு முழுவதையும் குடி. கொதிக்கவை என்று இல்லை. சூட்டில்தான் சத்து கெடுகிறதோ என்று அவருக்குத் தோன்றியது. ஈதரில், குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ம் எண் மாதிரி எலிகளிடம் மலேரியாக் கிருமியை முழுவதும் ஒழித்தது. ஆர்ட்டிமிசினின் வந்த வழி அது. 2015-ல் நோபல்.

ஏட்டில் இருந்தது ஒரு வரி. அந்த வரியை அவர் படித்தும் விட்டார், நம்பிச் சும்மாவும் இருக்கவில்லை, சோதித்தார். ஏட்டைப் படிக்காதவருக்கும் இது கிடைத்திருக்காது, படித்ததோடு நிறுத்தியவருக்கும் கிடைத்திருக்காது.

இதிலும் என் பழைய பல்லவி உண்டு. சிங்ஹாவ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் புழங்கின. அவற்றில் ஆர்ட்டிமிசியா ஆன்னுவாவில்தான் மருந்து இருந்தது. அதையும் அவர்கள் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 2

சின்ன எச்சரிக்கை. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்குப் பப்மெட்டில் மேலேயே பட்டை போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் போன வருடம் அச்செடுத்து வைத்த தாளில் பட்டை முளைக்காது.

மார்ச் 10

கேள்வி கேட்டவர் புட்டியோடு போய் வந்திருக்கிறார். பின்பக்கத்தில் மிளகுச் சாறு இருந்ததாம், 10 மில்லிகிராம். நூலகர் இரண்டு கட்டுரையை முழுதாக எடுத்துக் கொடுத்திருக்கிறார், மூன்றாவது வேறு நூலகத்திலிருந்து வர வேண்டும். அம்மா சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தாயிற்று. "இதையும் சாப்பிடுகிறீர்களா? ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாராம் மருத்துவர். "நீங்கள் கேட்கவில்லையே" என்றாராம் அம்மா. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். இப்போதைக்கு நிறுத்தி வைத்து, கல்லீரல் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது கட்டுரை வந்ததும் ஆசிரியர்கள் யாரிடம் நிதி வாங்கினார்கள் என்ற வரியைப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும்.

மார்ச் 11

சித்தப்பா என்ன ஆனார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நன்றாக இருக்கிறார். அந்த 1990 கட்டுரையையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். கொடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. வாங்கி, தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். "முதல் தாளையும் நீதானே கொண்டுவந்த?" என்றார். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் மருத்துவரிடம் போனார், அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை.

கவர் இன்னும் இருக்கிறது. போன மாதம் பார்த்தேன். இரண்டு தாளும் உள்ளே இருக்கின்றன. 1988 மேலே, 1990 கீழே.